செவ்வாய்க்கு எதிராகப் பதினெட்டு நாள்

கொற்றங்குடியில் செவ்வாய்க்கிழமைகள் போராட்டத்தில் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திங்கள் முடிந்தால் மறுநாள் புதன். முதல் வாரத்துச் செவ்வாய், வரவேண்டிய காலையில் வராமல், தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரத்துச் செவ்வாய் என்ன ஏதென்று விசாரிக்க வந்தது. வந்த இடத்தில் நியாயம் புரிந்து அதுவும் உட்கார்ந்தது. மூன்றாவதும் வந்த பிறகு, வெயிலில் கிடக்கிறார்களே என்று மேலே ஒரு கீற்றுப் பந்தல் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாரத்துக்கு ஆறு நாள் என்று ஒப்பிக்கப் பழகிவிட்டார்கள்.

கோரிக்கை என்னமோ பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சு, பத்திரப் பதிவு, முடிவெட்டு, நகவெட்டு எல்லாம் எங்கள் மேலும் நடக்கட்டும், அவ்வளவுதான். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று ஊர் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு கிழமைக்கு எப்படி இருக்கும்? பந்தல் முகப்பில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ‘எங்களுக்காகக் காத்திருப்பவர் யாருமில்லை’ என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

கொற்றங்குடியில் போராடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊர் வழக்கப்படி மறுப்பு வாசிக்காத போராட்டம் செல்லாது. பதினெட்டு நாள், தினம் நாலு மணிக்கு, ஊர் மறுப்பாளர் பந்தலுக்கு வந்து போராட்டத்துக்கு எதிராக வாசிக்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் போராடுகிறவர்கள் தாசில்தார் முன்னிலையில் பதில் சொல்லவேண்டும். பதினெட்டு நாளும் பதில் சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். என்றைக்காவது ‘பதில் இல்லை’ என்று சொல்லும்படி ஆனால் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடவேண்டும். இன்னொரு விதியும் உண்டு. மறுப்பாளர் தனக்குத் தெரிந்த வாதம் ஒன்றை மறைத்தது வெளிப்பட்டால், போராட்டமே ரத்து. உட்கார்ந்தவர்கள் பிறகு ஒருகாலும் உட்கார முடியாது.

அந்த மறுப்பாளர்தான் இன்பவல்லி. வயது நாற்பத்தாறு, பத்திரப் பதிவு ஆபீசில் தட்டச்சு வேலை, பதினோரு வருஷமாகத் தோற்றதில்லை. தெருவிளக்குகள் உட்கார்ந்தபோது இரண்டே நாளில் எழுப்பி அனுப்பினாள். கிணற்று வாளிகள் நாலு நாள் தாங்கின. உப்புக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி, ஒன்பது நாள் நின்றது. ‘இன்பவல்லி வாய்க்கு அஞ்சி எங்க வீட்டு அம்மியே மூச்சுக் காட்டுறதில்ல’ என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் இந்தத் தடவை அவள் பேனாவைத் திறந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அவள் புருஷன் மருதப்பன், கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தான். முடிதிருத்துவோருக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு, அது செவ்வாய். மற்ற ஆறு நாளும் அவன் விடியுமுன் போய், கடைசித் தலை எழுந்த பிறகுதான் வருவான். செவ்வாயன்று பத்திரம் பதிய எவன் வருவான்? ஆபீசும் காலியாகக் கிடக்கும். இன்பவல்லி பதினோரு மணிக்கே பதிவாளரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவாள். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை எண்ணெயை அவளே தேய்த்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை எண்ணெய் மருதப்பனுடையது. கொல்லையில் முக்காலி போட்டு அவளை உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, ஈரம் போகத் துவட்டி, சாம்பிராணி காட்டி, சிக்கெடுத்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். ஊர்த்தலையெல்லாம் பார்க்கிற கை அன்றைக்கு மட்டும் அவள் தலைக்கு வரும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வாரம் தப்பியதில்லை. இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதும் இல்லை.

செவ்வாய் வராததால் லீவும் வரவில்லை. புதன்கிழமை கடையைப் பூட்டலாமே என்று ஒருத்தர் யோசனை சொன்னார். மருதப்பன் கேட்கவில்லை. அது புதனுக்குச் சேரவேண்டியதில் கை வைப்பது என்றான். மூன்று வாரத்தில் அவன் வலது கை, வேலை முடிந்த பிறகும் நிற்பதை விட்டுவிட்டது. சோற்றுத்தட்டுக்கு முன்னாலும், தூக்கத்திலும், கட்டைவிரலும் நடுவிரலும் வெட்டிக்கொண்டே இருந்தன. செவ்வாய்கள் ஜெயித்தால் ஊர் செவ்வாயிலும் முடி வெட்டிக்கொள்ள வரும். அப்புறம் அவனுக்கு லீவு என்பதே இல்லை, அவளுக்குக் கொல்லை முக்காலி இல்லை. ‘இருங்க, மூணே நாள்ல உங்கள அனுப்பி வைக்கேன்’ என்று இன்பவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதல் நாள் வாசித்தாள். “வேலை இல்லையென்று குறைபட்டு வேலையை நிறுத்துகிறீர்கள். இது, பட்டினி கிடப்பவன் உண்ணாவிரதம் இருப்பது போல.” கூட்டம் சிரித்தது.

மூத்த செவ்வாய் எழுந்தது. நடுத்தர உயரம், வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்களின் பொறுமை. “பட்டினி கிடக்கிறவன் உண்ணாவிரதம் இருந்தாத்தானம்மா, அவன் இத்தனை நாளா பட்டினி கிடந்தது நாலு பேருக்குத் தெரியும்” என்றது.

அடேயப்பா என்றிருந்தது இன்பவல்லிக்கு. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக எதிராளியின் பதிலை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அஷ்டமியும் நவமியும் ஆதரவு தெரிவிக்க வந்திருந்தன. பந்தலின் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. அவள் விடவில்லை. “எங்கள் மேல் ஒரு நல்ல காரியமும் நடப்பதில்லை என்று பெருமாளிடம் போய் அழுது, கிருஷ்ணனையும் ராமனையும் தங்கள் மேல் பிறக்கவைத்துக்கொண்டவர்கள் இவர்கள். சிபாரிசில் காரியம் முடித்தவர்கள் போராட்டத்துக்கு ஆதரவு கொடுக்கலாமா?” அஷ்டமி காலைக் கீழே போட்டது.

“எங்களையும் முருகன்கிட்டப் போகச் சொன்னாங்க” என்றது இரண்டாவது செவ்வாய். “அவருக்கே ஆயிரம் சோலி. மனுசங்க செய்த தப்ப மனுசங்ககிட்டயே பேசித் தீத்துக்குவோம்னுதான் இங்க உக்காந்தோம். ஆனா வந்தவங்கள வெளிய போகச் சொல்ல எங்களுக்கு வாய் வரல.” அதற்கும் அவள் தலையாட்டவேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஆவுடையப்ப அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டாள். பந்தல் போட்டது, மோர் ஊற்றியது எல்லாம் அவர்தான். மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும் குரல் அவருக்கு. “வடக்க போய்ப் பாருங்கய்யா! செவ்வாய்க்கு மங்களம்னே பேரு! நமக்கு மட்டும் என்ன கேடு?” என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்பவல்லி வாசித்தாள். “ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அண்ணாச்சியின் மண்டபம் செவ்வாயன்று பூட்டிக் கிடக்கிறது. நாளைக்கே புதன் பூட்டிக் கிடந்தால், இந்தக் கீற்றுகளைப் பிரித்துக்கொண்டுபோய்ப் புதனுக்குப் போடுவார். பெயரில் மங்களம் இருப்பதும் ஒரு வாதமா? எங்கள் ஆபீசில் சாந்தசொரூபி என்றொருத்தர் இருக்கிறார். பியூன்கள் அவர் அறைக்குள் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் போவார்கள்.”

அண்ணாச்சி முகம் கருவாடாகிவிட்டது. “ஏம்மா இன்பம், இப்படிப் பச்சையாவா போட்டு உடைப்ப?” என்றார். ஆனாலும் எழுந்து போகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“அண்ணாச்சிக்கு இதுல லாபம் உண்டு. நாங்க இல்லைனு சொல்லல” என்றது மூத்த செவ்வாய். “தான் போட்ட பந்தல்லயே தன்னத் திட்டுறத உக்காந்து கேட்டார் பாருங்க. லாபத்துக்கு வந்தவர் அதுக்குள்ள கொஞ்சம் மாறியிருக்கார். போராட்டம்னா வேற என்னம்மா?”

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது இன்பவல்லிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு கோஷம் கிடையாது, ஒரு பஸ்ஸை மறித்தது கிடையாது, ஒரு கடையை அடைக்கச் சொன்னது கிடையாது. செவ்வாய்கள் தங்கள் பொழுதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மூத்தவர் பக்கம் போனால் இன்னும் புழங்காத ஒரு காலை. இரண்டாவது செவ்வாயன்று பெய்யவேண்டிய மழை, அது உட்கார்ந்திருந்த மூலையில் மட்டும் பெய்தது. தெருப் பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து பிடித்துப் போனார்கள். ஒருத்தியையும் அது வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆறாம் நாள் திங்கள். அது முடிந்ததும் நாலாவது செவ்வாய் வந்து உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் நாலு மணிக்கு வானம் இருண்டுவிட்டது. பந்தலுக்குள் எழுத்து தெரியவில்லை. இன்பவல்லி தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, திணறிக்கொண்டிருந்தாள். மூன்றாவது செவ்வாய் தன் மடியிலிருந்த உச்சிவெயிலை ஓரமாகக் கொஞ்சம் பிரித்து அவள் தாள்மேல் விழும்படி பிடித்தது. அன்றைக்கு அவள் வாசித்தது செவ்வாய்களைக் கிழித்து எழுதியது. சோம்பேறிகள் என்றுகூட ஒரு இடத்தில் இருந்தது. வாசித்து முடிக்கும்வரை அந்த வெயில் அசையவில்லை. தங்களைத் திட்டுவதற்கு வெளிச்சம் பிடிக்கிறவர்களை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்காக மறுப்பில் ஒரு எழுத்துக் குறைத்தாளா என்றால், அதுதான் இல்லை. மதிப்புக் கூடக்கூட அவள் வாதம் கூராகிக்கொண்டே போனது. நல்ல எதிராளிக்கு மட்டமான வாதம் கொடுப்பது, விருந்தாளிக்குப் பழைய சோறு போடுவது மாதிரி. பஞ்சாங்கம், சாஸ்திரம், முடிதிருத்துவோர் சங்கத்து நோட்டு, பாட்டன் பூட்டன் வழக்கம் எல்லாவற்றையும் புரட்டினாள். செவ்வாய்களும் சளைக்கவில்லை. பதினாறாம் நாள் அவள் வாசித்து முடித்ததும், பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு வந்து சேர்ந்த ஐந்தாவது செவ்வாய், எல்லோருக்கும் இளையது, அடக்கமாட்டாமல் கைதட்டிவிட்டது. மூத்த செவ்வாய் முறைத்தது. “இல்லண்ணே, நல்லாத்தானே சொன்னாங்க” என்றது அது. பிறகு அதுவே எழுந்து பதிலும் சொன்னது.

பதினேழாம் நாள் ஞாயிறு. சலூனில் கூட்டம் சொல்லி மாளாது. மருதப்பன் வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். வலது கை காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டான். இன்பவல்லி பிசைந்து ஊட்டினாள்.

“நாளைக்கு ஒரு நாள்தான். எங்கிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு” என்றாள். “அதச் சொன்னா அவுங்க தோத்துருவாங்க.”

“என்னது?”

“நம்ம செவ்வாய்.”

மருதப்பன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். “சொல்லாத” என்றான்.

“உங்க கை?”

“கை கெடக்கு. ஒருத்தன் லீவுக்காக ஒரு கெழமை காலமெல்லாம் வெறுவாயா கெடக்கணுமா, இன்பம்? அவுங்க ஜெயிக்கட்டும்.”

இவனைப் போய்க் கட்டிக்கொண்டோமே என்று அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அடுத்த கவளத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வாயில் வைத்தாள்.

பதினெட்டாம் நாள் ஊரே பந்தலில் இருந்தது. அண்ணாச்சி, செவ்வாய்கள் ஜெயித்த பிறகு கொடுப்பதற்கென்று இரண்டு அண்டா நிறையக் கேசரி கிண்டி மூடி வைத்திருந்தார். இன்பவல்லி ஒற்றைத் தாளோடு வந்தாள். நகம் வெட்டுவதைப் பற்றி நாலு வரி. செவ்வாயன்று வெட்டிய நகம் கோணலாக வளரும் என்று ஒரு வழக்கு உண்டு என்று வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

மூத்த செவ்வாய் எழுந்து அவள் மடித்த தாளைப் பார்த்தது.

“அம்மா, பதினேழு நாளா நாங்க கேட்ட குரல் இது இல்லையே” என்றது.

“இன்னைக்கு இவ்வளவுதான்” என்றாள் இன்பவல்லி.

“நீங்க ஒண்ண வச்சிக்கிட்டு வாசிக்கிறீங்க.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மறைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தாசில்தார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஐந்து செவ்வாய்களும் இனி ஒருகாலும் எதற்கும் உட்கார முடியாமல் போகும். இன்பவல்லி மடித்த தாளை இடுப்பில் செருகினாள். சொன்னாலும் அவர்கள் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. எல்லாம் தன்னால்.

“எங்கள நினைச்சு மறைக்கிறீங்கனு தெரியுது” என்றது மூத்த செவ்வாய், அவளுக்கு மட்டும் சொல்வதுபோல. “எங்களுக்கு இத்தனை நாளும் ஒருத்தரும் இவ்வளவு பாடுபட்டு எதிரா எழுதினது இல்லம்மா. ஊர்ல எங்களப் பத்தி ஒரு வாயில ஒரு பழமொழி, அதோட சரி. நீங்கதான் உக்காந்து யோசிச்சீங்க. மிச்சத்தையும் குடுத்துருங்க. முழு மறுப்பையும் கேக்காம ஜெயிச்சா அது எங்களுக்கு வேண்டாம்.”

மற்ற நாலும் தலையை ஆட்டின.

இன்பவல்லி முகப்பில் தொங்கிய அட்டையைக் காட்டினாள். கையில் தாள் இல்லை.

“யாருமில்லைனு எழுதியிருக்கீங்க. அது பொய். நான் காத்திருக்கேன்” என்றாள். “கல்யாணமாகி இருபத்திரண்டு வருசமா, திங்கக்கெழமை சாயங்காலம் ஆனா எண்ணெய் காய்ச்ச ஆரம்பிச்சிருவேன். எங்க வீட்டுக்காரருக்கு நீங்க வர்ற அன்னைக்குத்தான் லீவு. அன்னைக்குத்தான் அவரு என் தலைக்கு எண்ணெய் தேச்சு விடுவாரு. நீங்க கையில ஒரு காரியமும் இல்லாம வாரீங்க பாருங்க, அதனாலதான் எங்க வீட்டுக்கு நேரா வர முடியுது. கல்யாணத்தையும் காதுகுத்தையும் தூக்கிக்கிட்டு வந்தா நீங்க எங்க வரப் போறீங்க? என் தலையப் பாருங்க. அஞ்சு வாரமாச்சு. நீங்க தோக்கணும்னு நான் சொல்லல. ஆனா யாருமில்லைனு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு மனசு ஆறமாட்டேங்குது.”

சொல்லி முடித்தபோது அவள் காது மடல் சிவந்திருந்தது. கூட்டத்தின் ஓரத்தில், துண்டுக்குள் வலது கையைச் சுற்றிவைத்துக்கொண்டு மருதப்பன் தரையைப் பார்த்து நின்றான். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

செவ்வாய்கள் ஐந்தும் தலையோடு தலை வைத்துப் பேசின. வெயில் வேப்பமரத்தை விட்டு இறங்கி, தாலுகா ஆபீஸ் சுவரை விட்டும் இறங்கியது. நடுவில் இளையது மட்டும் திரும்பி ஒரு சந்தேகம் கேட்டது.

“மழை பெஞ்சா தலை எப்படிக் காயும்?”

“அவரு விசிறி விடுவாரு” என்றாள் இன்பவல்லி.

இளையது மறுபடி கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்தது. பொழுது சாயும் நேரத்துக்கு மூத்த செவ்வாய் எழுந்து, தாசில்தாரைப் பார்த்து, கணீரென்று சொன்னது:

“இதற்கு எங்களிடம் பதில் இல்லை.”

தோற்றவர்கள் அப்படி நின்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஐந்தும் நிமிர்ந்து நின்றன. அட்டையை இளையது கழற்றியது. மூத்தது இன்பவல்லியைப் பார்த்துக் கும்பிட்டது. அவளும் கும்பிட்டாள், கண்ணீரைத் துடைக்கக் கை இல்லாமல் போயிற்று. ஆவுடையப்ப அண்ணாச்சி கேசரியைத் திறந்து, ஜெயித்தவர் யாரென்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். கொடுக்கும்போது அழுதார். மண்டபத்துக்காக அழவில்லை, அது பார்த்தாலே தெரிந்தது.

மூத்த செவ்வாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தது. மறுநாள் அதுவாக விடிந்தது. அதற்கு மறுநாள் இரண்டாவது, மிச்சமிருந்த மழையோடு. பிறகு மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. வரிசையாக ஐந்து செவ்வாய் ஊரில் யாரும் ஒன்றும் தொடங்கவில்லை. ஆண்களுக்குத் தாடி வளர்ந்தது. மருதப்பன் முதல் செவ்வாய் முழுக்கத் தூங்கினான். இரண்டாவது செவ்வாய் மத்தியானம் அவன் விரல்கள் நின்றன. மூன்றாவது செவ்வாயன்று கொல்லையில் முக்காலி போட்டான். இன்பவல்லியின் தலையில் விழுந்திருந்த சிக்கை எடுக்க நாலாவது செவ்வாயும் ஐந்தாவது செவ்வாயும் சரியாக இருந்தன.

ஆறாவதாக வந்தது அந்த வாரத்துக்கு உரிய செவ்வாய். வழியிலேயே போராட்டம் பற்றிக் கேள்விப்பட்டு, புதுப்பாய், மாற்றுவேட்டி, எழுதிய அட்டை எல்லாவற்றோடும் உட்காருவதற்கென்றே கிளம்பி வந்திருந்தது. வேப்பமரத்தடியில் பந்தலைக் காணோம். டீக்கடையில் கேட்டது. அவர்கள் இன்பவல்லி வீட்டைக் கைகாட்டினார்கள்.

அவள் மோர் கொடுத்து, பதினெட்டு நாள் வாதத்தையும் பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சாயங்காலம் வரை கேட்டது. “எல்லாம் சரிதான். ஆனா பாய் கொண்டுவந்துட்டேனே” என்றது.

“அதுக்கென்ன, விரிங்க” என்றாள் இன்பவல்லி. கொல்லைத் தாழ்வாரத்தில் துணி காயும் கொடிக்குக் கீழே விரித்து, தன் பொழுதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அது உட்கார்ந்தது. அதற்கு மறுப்பு எழுத அவள் பேனாவைத் தேடவில்லை.

காலையில் அந்த வீடு தவிர ஊரெங்கும் புதன் விடிந்தது. மருதப்பன் கடைக்குப் போனான். தாடிக்காரர்கள் தெருமுனை வரை வரிசையில் நின்றார்கள். பதினோரு மணிக்கு வரிசையிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசற்படியைத் தாண்டியதும் செவ்வாய். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். அவள் ஏற்கெனவே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு முக்காலியில் இருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்துவின் சம்சாரம் கையில் கிண்ணத்தோடு வந்து, உறைமோர் கேட்பதற்காக வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“உங்க வீட்ல இன்னும் செவ்வாயா?”

“ஆமாக்கா.”

“செவ்வாய்க்கெழமை உறைமோர் வெளிய குடுக்கக் கூடாது. நீ இரு, எதுத்த வீட்ல புதன்கெழமை இருக்கு, நான் அங்க வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவள் தெருவைக் கடந்து போனாள்.